டிரெய்லர் ஹோஸில் ஒரு வானவில்

சிங்கப்பூரில் பத்தொன்பது வருசம் நான் பிழைத்தது என் இடது கை ஆள்காட்டி விரலை வைத்துத்தான். எஃகில் சின்னச் சின்ன உறுப்புகள் கடைந்து அனுப்பும் தொழிற்சாலை அது. இயந்திரத்திலிருந்து வெளியே விழும் ஒவ்வொன்றின் விளிம்பிலும் மயிரிழை கனத்தில் ஒரு பிசிர் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடிக்கக் கேமரா வைத்திருந்தார்கள். கேமரா கோட்டைவிட்டதை என் விரல் பிடிக்கும். ஒரு தடவு தடவினால் போதும். அட்ரியன் விரலுக்குக் கண் இருக்கிறது என்று சூப்பர்வைசர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். எனக்கும் அந்தப் பெருமை தலைக்கேறித்தான் கிடந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த விரலைத்தான் போன ஏப்ரலில் ஒரு புதன்கிழமை மத்தியானம் தொலைக்கப் பார்த்தேன். போர்க்களத்திலோ புலி வாயிலோ இல்லை, பாமாயில் பழம் காய்க்கும் எங்கள் சொந்தச் செம்பனைத் தோட்டத்தில், நின்றுகொண்டிருந்த டிராக்டருக்குப் பின்னால்.

முதலில் என் தூக்கத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜொகூர் பாருவிலிருந்து பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பத்தொன்பது வருசம் விடியுமுன்னே மோட்டார் சைக்கிள், குடிநுழைவு வரிசை, மழைக்கோட்டு. அந்தத் தூக்கமெல்லாம் எங்கேயோ சேர்ந்து கிடந்திருக்கிறது. வேலையை விட்டுவிட்டு, மாமனார் விட்டுப்போன பன்னிரண்டு ஏக்கர் செம்பனையைப் பார்த்துக்கொள்ள லாபிஸ் பக்கம் வந்து சேர்ந்ததும் அது என்னைத் தேடிக்கொண்டு வந்துவிட்டது. கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவேன். நடந்துகொண்டே தூங்குவேன். செம்பனைக்குள் எந்த வரிசையில் நின்று பார்த்தாலும் ஒரே மாதிரி மரங்கள் ஒரே மாதிரி தூரத்துக்குப் போய் ஒரே மாதிரி பச்சை இருட்டில் முடியும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்குத் தூக்கம் வராமல் என்ன செய்யும்? என் மனைவி கஸ்தூரி காலையில் தேநீரை நீட்டும்போது, இன்றைக்கும் பாதி ஆள்தான் எழுந்து வந்திருக்கிறது, மீதியை எப்போது அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்பாள்.

கஸ்தூரி முழு ஆள். அவளுக்கு ஒரே ஒரு பயம், கொசு. இரண்டு வருசத்துக்கு முன் டெங்கி வந்து எட்டு நாள் படுத்து எழுந்தவள். அன்றிலிருந்து எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு சிரட்டைகூட வானத்தைப் பார்த்துக் கிடக்காது. துளசிச் செடிக்குக் கீழே வைத்த தட்டுக்கும், என் அம்மா கொடுத்த மாதா சுரூபத்துக்கு முன்னால் இருக்கும் பூச்சாடிக்கும் அவளுக்கு ஒரே சட்டம்தான். தண்ணீர் நிற்கக்கூடாது.

இந்தச் சட்டம்தான் எங்கள் டிரெய்லருக்கும் வந்து சேர்ந்தது. பழக்குலைகளை ஏற்றுகிற இரும்புத் தொட்டி வைத்த டிரெய்லர் அது. தொட்டியைத் தூக்கிக் கொட்டவைக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் டிராக்டரிலிருந்து ஹோஸ் வழியாக வரும். ஹோஸின் நுனியில் ஒரு இரும்பு மூக்கு. டிராக்டரின் முதுகில் அது போய் உட்கார ஒரு இரும்பு வாய். வாயைச் சுற்றியிருக்கும் வளையத்தை இழுத்துப் பிடித்து மூக்கை உள்ளே தள்ளினால் டக்கென்று ஒரு சத்தத்தோடு பிடித்துக்கொள்ளும். இதற்குக் கப்ளிங் என்று பெயர். சின்னப் பிள்ளைகூட மாட்டலாம் என்று விற்றவன் சொன்னான்.

அதற்கு முந்தின மாதம்தான் புல் வெட்டும் கருவி ஒன்று வாங்கியிருந்தோம். அதை டிராக்டரில் பூட்டுவதற்காக டிரெய்லரை முதல் தடவையாகக் கழற்றி வெளியில் நிறுத்தினேன். ஆறு நாளைக்குச் சும்மா நிற்கப் போகிறது, மழைக்காலம், தொட்டியில் தண்ணீர் நின்றால் வீட்டில் யார் பேச்சு வாங்குவது? தொட்டியைப் பாதிக்குத் தூக்கிச் சாய்த்து வைத்து, அப்படியே ஹோஸைக் கழற்றிவிட்டேன். மழை பெய்தால் வழிந்து ஓடிவிடும். என்ன புத்திசாலித்தனம் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். இப்படிச் செய்தவன் ஜொகூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தூக்கி நிற்கும் அந்த இரும்புத் தொட்டியின் முழுக் கனமும் ஹோஸுக்குள் அடைபட்ட எண்ணெய் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

அந்தப் புதன்கிழமை காலை குலைகளை வெட்டிப் பாதையோரம் குவித்தாயிற்று. ஐந்து மணிக்குள் பழம் வாங்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். டிராக்டரைப் பின்னால் எடுத்து டிரெய்லரைக் கொக்கியில் மாட்டினேன். ஹோஸைத் தள்ளினேன். உள்ளே போகவில்லை. மறுபடியும் தள்ளினேன். பாதி தூரம் போய், யாரோ உள்ளிருந்து கையை வைத்துத் தடுக்கிற மாதிரி நின்றது.

கஸ்தூரி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். நாலு மணிக்கு அவள் அண்ணன் வீரமுத்து வருவதாக இருந்தது. அவர் குளுவாங்கில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறவர். அவர் வரட்டும், அதுவரை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுங்கள் என்றாள். எனக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. ஒரு மூக்கை ஒரு வாயில் சொருக ஊரைக் கூட்ட வேண்டுமா என்று கேட்டேன். என் வீம்பு அவளுக்குத் தெரியும். சோறு வடிக்க வேண்டும் என்று போய்விட்டாள்.

இனி நானும் கப்ளிங்கும்தான். முதலில் அழுக்கு என்று நினைத்தேன். மூக்கையும் வாயையும் துணியால் துடைத்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்தேன். போகவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு லீவரை முன்னும் பின்னும் நாலு தடவை ஆட்டினேன். அப்படி ஆட்டினால் டிராக்டர் பக்கம் அடைபட்ட எண்ணெய் தளர்ந்துவிடும் என்று தெரியும். டிராக்டர் பக்கம் தளர்ந்தும்விட்டது. ஆனால் முரண்டு பிடித்தது டிராக்டர் இல்லை, டிரெய்லர். வேறு வாயில் மாற்றிச் சொருகிப் பார்த்தேன். வெயிலில் காய்ந்து எண்ணெய் உப்பியிருக்கும் என்று ஈரச் சாக்கை ஹோஸ் மேல் போர்த்திக் கால் மணி நேரம் காத்திருந்தேன். பிறகு முழங்காலைக் கொடுத்து நெம்பினேன். வாய்க்கு வந்த வார்த்தையெல்லாம் சொன்னேன். சில வார்த்தைகளுக்குப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டியிருக்கும்.

மணி ஒன்றரை இருக்கும். வெயில் மட்டைகளுக்கு நடுவே துண்டு துண்டாக இறங்கிக்கொண்டிருந்தது. எலி பிடிக்க நட்டுவைத்த ஆந்தைப் பெட்டியின் ஓட்டையில் வெள்ளை முகம் ஒன்று தெரிந்தது. பகலில் விழித்திருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தோட்டத்துக்குப் பின்னால் மின்சார ரயில் ஒன்று பெரிய சத்தம் இல்லாமல் ஜொகூர் பாரு பக்கம் போனது. மரங்களுக்கு நடுவே அதன் சன்னல்கள் மட்டும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு ஹோஸைக் கடைசியாக ஒரு தடவை அழுத்தினேன். அது கழுத்தில் மடிந்தது. ஸ்ஸ் என்று மெல்லிய சத்தம் வந்தது.

குனிந்து பார்த்தேன். எண்ணெய் சொட்டவில்லை, வழியவும் இல்லை. ஆனால் ஹோஸின் கழுத்துப் பக்கத்தில் காற்று கொஞ்சம் வெள்ளையாக இருந்தது. பனிமூட்டத்தில் ஒரு கைப்பிடியை எடுத்து யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன மாதிரி. வெயில் அதன்மேல் பட்டதும் அதற்குள் ஒரு வானவில் வந்தது. என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். நான் அவ்வளவு சின்ன வானவில்லை அதுவரை பார்த்ததில்லை. கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது.

பிறகு நான் செய்ததை யோசித்துச் செய்யவில்லை. பத்தொன்பது வருசப் பழக்கம் செய்தது. எங்கிருந்து வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாதபோது என் கை தானாக நீளும். ஆள்காட்டி விரலை அந்த வானவில்லுக்குள் விட்டு, ஹோஸின் மேல் மெதுவாகத் தடவிக்கொண்டு போனேன்.

சுருக் என்றது, அவ்வளவுதான். மட்டை முள் குத்தினால் எப்படி இருக்குமோ அப்படி. விரலை எடுத்துப் பார்த்தேன். நுனியில் வெள்ளையாக ஒரு புள்ளி இருந்தது, ரத்தம் இல்லை. செம்பனையில் வேலை செய்கிறவன் கையில் ஒரு நாளைக்கு இப்படி நாலு புள்ளி விழும். யாரும் அதற்காக நின்று பார்ப்பதில்லை. சாயந்தரம் வீட்டில் ஊக்கை வைத்து முள்ளை எடுத்துவிட்டு மஞ்சள் தடவுவோம், காலையில் எந்த விரல் என்றே மறந்துபோகும். நானும் முள் என்றே எடுத்துக்கொண்டேன். முள் ஹோஸில் எப்படி முளைக்கும் என்று கேட்கிற பாதி ஆள் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான்.

உண்மையைச் சொன்னால், முழுக்கவும் தூங்கவில்லை. தொழிற்சாலையில் திங்கட்கிழமை தோறும் பத்து நிமிடம் பாதுகாப்பு வகுப்பு நடக்கும். கசிவைக் கையால் தேடாதே என்று நான்கு மொழியில் எழுதிய படம் ஒன்றைக் காட்டுவார்கள். அதில் ஒரு கை, கையில் ஒரு புள்ளி. அடுத்த படம் வருவதற்குள் நான் நின்றபடியே தூங்கிவிடுவேன். ஆக, முதல் படம் எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது படம் என்னவென்று தெரியாது. அந்தப் புள்ளியைப் பார்த்த வினாடியில் முதல் படம் ஞாபகத்துக்கு வந்தது. வந்ததும் வெட்கமாக இருந்தது. விரலுக்குக் கண் இருக்கிறது என்று பேர் வாங்கியவன் இப்படி ஒரு காரியம் செய்தான் என்று யாருக்கும் தெரிய வேண்டாம், எனக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். அதனால் முள் என்று முடிவு செய்துகொண்டு மரத்தடியில் உட்கார்ந்தேன்.

தூக்கம் வந்தது. கனவில் பாலம் வந்தது. ஆயிரக்கணக்கில் மோட்டார் சைக்கிள்கள், ஒன்றிலும் சத்தம் இல்லை. ஒவ்வொருவரும் என் முன்னால் நின்று, கையில் வைத்திருக்கும் எஃகுத் துண்டை நீட்டினார்கள். நான் விரலால் தடவித் தடவி, வழவழப்பாக இருக்கிறது, போங்கள் என்றேன். ஒன்றில்கூடப் பிசிர் இல்லை. எல்லாம் பட்டு மாதிரி இருந்தன. வரிசையின் கடைசியில் ஆந்தை நின்றது. அதையும் போ என்றேன். எனக்கு ஒரே சந்தோசம். இவ்வளவு நல்ல நாள் என் வேலைக்காலத்தில் வந்ததேயில்லை.

கஸ்தூரிதான் எழுப்பினாள். ஃபிளாஸ்க்கில் தேநீர் கொண்டு வந்திருந்தாள். வாங்கக் கையை நீட்டியபோதுதான் என் விரலைப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். நடு மூட்டு வரை வீங்கி, வெளிறிப்போய், மடங்க மாட்டேன் என்று நின்றது. வலி இல்லை. மரத்துப்போயிருந்தது.

முள் என்றேன். முள்ளுக்கா இப்படி வீங்கும் என்று முனகிக்கொண்டே அவள் தாலிக்கொடியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு புள்ளியைக் கிளறினாள். முள் எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கொஞ்ச நேரம் தேடினாள். ஊக்கு உள்ளே போனது எனக்குத் தெரியவேயில்லை. முள் கிடைக்கவில்லை. விரலை அழுத்திப் பிதுக்கினாள். ரத்தம் வரவில்லை, மினுமினுவென்று ஒரு துளி வந்தது. அதை ஊக்கு முனையில் எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அவள் முகம் மாறியது.

"முள்ளுக்கு எண்ணெய் வாசன வருமா?" என்றாள்.

என் கையில் எப்போதும் எண்ணெய்தானே என்றேன். டிராக்டரில் வேலை செய்கிறவன் கையில் பன்னீரா மணக்கும் என்று கேட்டேன். அவள் அந்தக் கேலியைக் காதில் வாங்கவில்லை.

"கசியிற எடத்துல வெரல வச்சீங்களா?"

"நான் எதுக்கு வைக்கிறேன்? எனக்குத் தெரியாதா?"

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்ப் பிக்கப்பைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டாள். முள்ளுக்கு ஆஸ்பத்திரியா, சிரிப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்கட்டும் என்றாள். வழியில் வீரமுத்து மச்சானுக்குப் போன் போட்டுக் குலைகளை அவர் லாரியில் ஏற்றிவிடச் சொன்னாள். செகாமாட் ஆஸ்பத்திரி வரை அடிக்கடி திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். நான் சன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். ரோட்டோரச் செம்பனை வரிசைகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. ஏதோ ஒரு வரிசையின் முடிவில் என் விரல் தனியாக நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றியது. அது எனக்குச் சொந்தமில்லாத பொருள் மாதிரி மடியில் கிடந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கிவிட்டு, பிக்கப்பை நிறுத்த இடம் தேடிப் போனாள். நான் உள்ளே போனேன். முகப்பில் இருந்த மலாய்க்காரப் பெண் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"கெனா ஆபா, என்சிக்?"

என்ன பட்டது, ஐயா. அவ்வளவுதான் கேள்வி. பதில் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை, நான்தான் சொல்ல வேண்டும். முதல் படம் கண்முன் வந்து நின்றது. பத்தொன்பது வருசம் விரலால் சோறு தின்றவன் நான்.

"டூரி," என்றேன். முள்.

அவள் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டாள். அவசரம் இல்லாதவர்கள் உட்காரும் பக்கத்தைக் காட்டி ஒரு எண் கொடுத்தாள். எனக்கு முன்னால் இருபத்தேழு பேர் இருந்தார்கள். இருமுகிற கிழவர்கள், காய்ச்சல் குழந்தைகள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். மறுபடியும் கண் செருகியது. எண்கள் கூப்பிடும் சத்தம் எங்கேயோ தண்ணீருக்கு அடியில் கேட்பது போலிருந்தது.

சும்மா இருக்கும்போது என் விரல் எதையாவது தடவிக்கொண்டிருக்கும். மாதா கோவிலில் பெஞ்சு விளிம்பு, சாப்பாட்டு மேசை விளிம்பு, கஸ்தூரியின் வளையல். அப்படித்தான் அந்த நாற்காலியின் விளிம்பையும் தடவியிருக்கிறது. வழவழப்பாக இருந்தது. அச்சில் வார்த்த நாற்காலி இவ்வளவு சுத்தமாக வராதே என்று அரைத்தூக்கத்தில் நினைத்தேன். குனிந்து பார்த்தேன்.

பிசிர் இருந்தது. விளிம்பு நெடுக அரிவாள் பல் மாதிரி, கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு இருந்தது. மறுபடியும் விரலை வைத்து இழுத்தேன். பட்டு. வலது கை விரலை வைத்துப் பார்த்தேன். கீறியது.

என் வாழ்நாளில் நான் அப்படி விழித்ததில்லை. பத்தொன்பது வருசத் தூக்கமும் ஒரே நொடியில் கலைந்தது. கனவில் எல்லாம் வழவழப்பாக இருந்தது எதனால் என்று புரிந்தது. விரல் போய்க்கொண்டிருக்கிறது, நான் அதை முள் என்று சொல்லிவிட்டு எண் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

எழுந்தேன். அதே நேரம் கஸ்தூரி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் வருவதற்குள் சொல்லிவிட முடிந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முடியவில்லை. அவள் பக்கத்தில் வந்து நிற்க, நான் முகப்புப் பெண்ணிடம் முள் இல்லை என்றேன். எண்ணெய், ஹைட்ராலிக் எண்ணெய், டிராக்டர் ஹோஸில் கசிந்துகொண்டிருந்த இடத்தில் நானாகத்தான் விரலை வைத்தேன் என்று மலாயில் திக்கித் திணறிச் சொன்னேன். அதையே கஸ்தூரி பக்கம் திரும்பித் தமிழில் இன்னொரு தடவை சொன்னேன். கேட்டால்தான் சொல்வது என்று இருந்திருக்கலாம். ஆனால் அவளிடமும் பொய் சொல்லியிருந்தேன்.

அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"வர்ற வழியெல்லாம் நீங்களே சொல்லிருவீங்கன்னு பாத்துக்கிட்டே வந்தேன்," என்றாள். "நீங்க சொல்லலன்னா இப்ப நான் சொல்லியிருப்பேன்."

அதற்குப் பிறகு எதுவும் கனவு மாதிரி இல்லை. முகப்புப் பெண் யாருக்கோ போன் செய்தாள். என்னை உட்கார விடாமல் உள்ளே கூட்டிப் போனார்கள். பிரவீனா என்ற இளம் மருத்துவர் வந்து, என்ன எண்ணெய், எத்தனை மணிக்கு என்று இரண்டே கேள்வி கேட்டார். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று சொன்னேன். மருத்துவர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, விரல் நுனியிலிருந்து உள்ளங்கை வரை பேனாவால் ஒரு கோடு இழுத்தார். வெளியே ஊசி முனையளவுதான் தெரியும், உள்ளே எண்ணெய் நரம்புறை வழியாக ஓடிக்கொண்டிருக்கும், திறந்து கழுவ வேண்டும், இப்போதே, என்றார். நாளைக் காலையில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். இரண்டாவது படத்தை எனக்குச் சொன்னார். அதைத் திருப்பிச் சொல்ல எனக்கு இப்போதும் மனம் வரவில்லை.

மயக்க மருந்து கொடுக்கும் வரை கஸ்தூரி என் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சரியான முட்டாள் மனுசன் என்று மெதுவாகச் சொன்னாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. தண்ணீர் நிற்கக்கூடாது என்பது உன் சட்டம் ஆயிற்றே என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் தூங்கிவிட்டேன்.

இரண்டு தடவை திறந்து கழுவினார்கள். விரல் பிழைத்தது. நுனியில் உணர்ச்சி வரலாம், வராமலும் போகலாம் என்று மருத்துவர் சொன்னார். ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். கட்டுப் பிரிக்க மேலும் இரண்டு வாரம் ஆயிற்று.

கட்டுப் பிரித்த மறுநாள் காலை கஸ்தூரி என்னை டிரெய்லருக்கு அழைத்துப் போனாள். யாரும் அதைத் தொடவில்லை. தொட்டி அதே சாய்வில் நின்றது. ஹோஸ் அதே இடத்தில் தொங்கியது, மடிப்பு நிமிர்ந்ததில் கசிவு தானாக நின்றுபோயிருந்தது. வீரமுத்து மச்சான் தன் பட்டறையிலிருந்து பெரிய ஜேக் ஒன்றையும் இரண்டு தடித்த முட்டுக்கட்டைகளையும் கொண்டுவந்து வைத்திருந்தார். தொட்டிக்கு அடியில் முதலில் கட்டைகளைக் கொடுத்தார். பிறகு ஜேக்கைக் கொடுத்து மெதுவாக ஏற்றினார். தொட்டி ஒரு விரற்கடை அளவு மேலே போயிருக்கும். அவ்வளவுதான். ஆறு நாளும் பிறகு மூன்று வாரமும் எண்ணெய் தாங்கிக்கொண்டிருந்த கனத்தை இப்போது ஜேக் தாங்கியது. இப்போது மாட்டுங்கள் என்றார்.

வலது கையால் வளையத்தை இழுத்துப் பிடித்து, இடது உள்ளங்கையால் மூக்கைத் தள்ளினேன். டக். சின்னப் பிள்ளைகூட மாட்டியிருக்கும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இதற்குத்தானா என்று ஹோஸைப் பார்த்துக் கேட்கத் தோன்றியது.

மச்சான் புது ஹோஸ் ஒன்று கொண்டுவந்திருந்தார். பழையதைக் கழற்றுவதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும் என்றேன். கஸ்தூரிக்கு என்னவென்று புரிந்துவிட்டது. வீட்டுக்குள் போய் பிஸ்கட் பெட்டியின் அட்டையைக் கிழித்துக்கொண்டு வந்தாள். முள் சீவிய நீளமான மட்டைத் தண்டின் நுனியில் அதைச் செருகினோம். எல்லாரும் தள்ளி நின்றுகொண்டோம். மச்சான் டிராக்டரை முடுக்கி லீவரைத் தட்டினார். தொட்டி ஜேக்கை விட்டு மேலே எழும்பியது. ஹோஸின் கழுத்தில் மறுபடியும் காற்று வெளுத்தது. காலை வெயிலில் அந்த வானவில் வந்தது. அதே அளவு, அதே இடம். பார்க்க இப்போதும் அழகாகத்தான் இருந்தது.

நான் அட்டையை நீட்டி, விரலை ஓட்டிய அதே வேகத்தில் ஓட்டினேன். சத்தம் ஒன்றும் வரவில்லை. இஞ்சினை அணைத்ததும் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு கருப்புக் கோடும், கோட்டின் முடிவில் ஊசி முனையளவு ஒரு ஓட்டையும் இருந்தன. வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். ஓட்டை வழியாக வெளிச்சம் வந்து என் இடது ஆள்காட்டி விரல் நுனியில், தையல் கோடு தொடங்கும் இடத்தில் விழுந்தது. கஸ்தூரி அந்த வெளிச்சப் புள்ளியைத் தன் விரலால் தொட்டாள். அவள் தொட்டதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த அட்டையை டிராக்டரின் கருவிப்பெட்டியில் வைத்திருக்கிறேன். டிரெய்லரைக் கழற்றுவதென்றால் இப்போது தொட்டியை முழுக்க இறக்கிவிட்டுத்தான் கழற்றுகிறேன். மழைத் தண்ணீர் நிற்காமலிருக்கக் கஸ்தூரி மேலே ஒரு கித்தானைச் சாய்வாகக் கட்டிவிடுகிறாள். பழம் வாங்கும் இடத்தில் என் கையைப் பார்த்து, என்ன அண்ணே தழும்பு, முள்ளா என்று கேட்பார்கள். இல்லை, எண்ணெய், கசிகிற இடத்தில் நானேதான் விரலை வைத்தேன் என்று சொல்கிறேன். முழுக்கச் சொல்லி முடிக்கும் வரை அவர்களைப் போக விடுவதில்லை.